தோட்டக் கேள்வி–பதில்: ஈரத் தறையில் உழவு

கேள்வி: மார்கழி மழை விட்டு நாலு நாளாகிறது. தையில் வெங்காயம் நட வேண்டும். மேல்மண் காய்ந்து தெரிகிறது. லாண்ட்மாஸ்டர் (சுழல்கத்தி பூட்டிய இருசில் உழவு மெசின்) நாளைக்குத்தான் கிடைக்குமாம். உழுவிக்கலாமா? போனமுறை கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. (வாசகர், உரும்பிராய்)

பதில்: மேல்மண்ணை நம்ப வேண்டாம். நாலைந்து இடத்தில் அரை அடிக்குக் கொத்தி, அடிமண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். ஈர்க்குத் தடிப்பில் திரியாக நீண்டால் உழவு கூடாது. திரளாமல் உதிர்ந்தால் உழலாம். பள்ள மூலை மட்டும் ஈரமென்றால் அதை விட்டு மற்றதை உழுங்கள்.

போனமுறை கட்டி விழுந்ததும் இந்த ஈரத்தால்தான். உங்கள் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் (செம்மண்ணில்) களி உண்டு. ஈரத்தில் கத்தி சுழன்றால் மண் உடையாது, சாணி மெழுகினாற்போல் துவாரங்கள் அடைபடும். வெயில் பட்டதும் இறுகும். கட்டியையாவது மண்வெட்டியால் தட்டலாம். கத்தி எட்டும் ஆழத்துக்குக் கீழே விழும் இறுகிய படைதான் பெரிய கரைச்சல். வெங்காய வேர் ஆழம் போகாது. அந்தப் படைமேல் நீர் நின்றால் அழுகல் வரும். செம்பாட்டு மண் சுண்ணக்கல்லின் மேல் கிடப்பது, இயல்பாகவே நீரை விடும். மழை விட்டு ஒரு நாள் கழிந்தும் நீர் நின்றால் கம்பியால் குத்திப் பாருங்கள், ஒரே ஆழத்தில் தடுக்கும். அதை இப்போது உடைக்க முடியாது. ஆடி, ஆவணியில் காய்ந்த தறையை ஆழக் கொத்தினால்தான் நொறுங்கும்.

மெசின் கிடைக்கிறதே என்று உழுவது வீண் செலவு. நடுகை ஒரு கிழமை பிந்தினால் பரவாயில்லை. அதுவரை தறைக்குள் மிதியாமல், ஓரத்தில் ஒரு அடி ஆழ வாய்க்கால் வெட்டி நீரை வடியுங்கள். பசளைக்கான பூவரசம் குழையையும் இப்போது மண்ணுக்குள் தாழ்க்காதீர்கள், காற்றில்லாமல் நாறும்.

கேள்வி: மழைக்குப் பிறகு மிளகாய்க் கன்று மஞ்சளடிக்கிறது. யூரியா போடலாமா? (வாசகி, கோப்பாய்)

பதில்: ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்து, அடியிலைகள் முதலில் மஞ்சளித்திருந்தால் நைதரசன் (யூரியா தரும் சத்து) குறைவு. நீர் வடிந்து மண் உதிரும் பதம் வந்தபின், போட வேண்டியதை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். வேர் பழுத்து நாறினால் யூரியா உதவாது. வாய்க்காலைத் திறந்து, மேற்பொருக்கை மெல்லக் கொத்திவிடுங்கள்.

தேங்கிய நீரில் போட்டால் நைதரசனில் ஒரு பங்கு வளியாகப் போகும். இன்னொரு பங்கு நைத்திரேற்று என்னும் நீரில் கரையும் உப்பாகிச் சுண்ணக்கல் வெடிப்பு வழியே கிணற்றில் இறங்கும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைப்பதாக இருந்தால் முதலில் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது.