வாசகர் கேள்வி – பதில்: கொன்றவனுக்கா, கல் நட்டவனுக்கா?

கேள்வி: நாங்கள் நால்வர், தாளும் பகடையும் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை நகர்த்தும் கதாபாத்திர ஆட்டம் ஆடுகிறோம். விதிகளை நானே எழுதினேன். ஒவ்வொருவருக்கும் பத்துப் புளியங்கொட்டைகள்; அவைதான் அவரவர் ஆவி. மந்திரம் ஏவுவதற்குக் கொட்டை செலவாகும். யாரையாவது கொன்றால் ஒரு கொட்டை வரவாகும். மூன்றாம் நாளிலேயே ஒருவன் வழிப்போக்கர்களையெல்லாம் கொன்று முப்பது கொட்டைகள் சேர்த்துவிட்டான். மற்றவர்களுக்கு ஆட்டம் சலித்துவிட்டது. தவறு எங்கே?
– கல்லூரி மாணவர், பென்னாகரம்.

பதில்: உங்கள் நண்பர்மீது குற்றமில்லை. விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதைத்தான் ஆடுபவர் செய்வார். கொலைக்குக் கூலி என்று எழுதியவர் நீங்கள். வலுத்தவனுக்கே மேலும் வலு சேர்வதால், பின்தங்கியவர் எழுந்திருக்க வழியே இல்லாமல் போகிறது.

1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், மந்திரவாதி ஒரு நாளில் ஏவக்கூடிய மந்திரங்களுக்கு வரம்பு உண்டு; ஓய்வெடுத்த பின் அவற்றை மீண்டும் ஆயத்தம் செய்துகொள்ளலாம். களைப்புக்கு அது பொருந்தும். உறங்கி எழுந்தால் நிரம்பிவிடுவதை ஆவி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 1981இல் வந்த 'கால் ஆஃப் கதுலு' என்ற திகில் ஆட்டத்தில் கொடுங்காட்சிகளைக் காணக் காண மனத்தெளிவுக்கான புள்ளிகள் கரையும், அவற்றை மீட்பதும் கடினம் என்பதால், அதை ஆடுபவர் கதவைத் திறக்கும் முன்பே தயங்குவார். ஆவிக்கு வேண்டியது அந்தத் தயக்கமே.

சரி, செலவான ஆவி எங்கிருந்து திரும்ப வரும்? இதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களை ஒருமுறை பார்த்து வாருங்கள். ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்டவனுக்கு அவனைச் சேர்ந்தவர்கள் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வழிபட்டார்கள். அதாவது, இறந்தவனின் ஆற்றல் கொன்றவனிடம் போகவில்லை. நினைத்து வழிபட்டவர்களுக்குக் காவலாக நின்றது. உங்கள் விதியை அப்படியே திருப்பிப் போட்டுவிடுங்கள். கொலைக்கு எதுவும் கிடையாது. ஒரு பாத்திரம் வீழ்ந்தால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கொட்டையைக் கொடுத்துக் கல் நடட்டும்; வீழ்ந்தவரிடம் எஞ்சிய கொட்டைகளும் அந்தக் கல்லையே சேரட்டும். ஆபத்து வேளையில் எவரும் அதிலிருந்து எடுக்கலாம், ஆனால் ஊர் திரும்பியதும் எடுத்ததைத் தம் கையிருப்பிலிருந்து படைத்துவிட வேண்டும். கல் நட மனமில்லாத குழுவுக்குக் கடன் கொடுக்க ஆவியும் இராது.

செலவுக்கும் ஒரு சுவடு வேண்டும். செலவான கொட்டைகளை ஒவ்வொருவரும் தம் முன்னாலேயே வைத்திருக்கட்டும். மந்திரம் ஏவும்போதெல்லாம் இரண்டு பகடைகளை உருட்டி, அவற்றின் கூட்டுத்தொகை செலவான கொட்டைகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால், அந்தப் பாத்திரம் தன் நினைவுகளில் ஒன்றை, தாயின் முகத்தையோ சொந்த ஊரின் பெயரையோ, இழந்துவிடும். மூன்று செலவாகியிருந்தால் அதற்கான வாய்ப்பு 36இல் 3தான். ஐந்தானால் 10, ஏழானால் 21. நான்காவது கொட்டைவரை துணிச்சலாக ஆடுபவர் ஆறாவதைத் தொடும்போது யோசிப்பார். எதை இழப்பது என்பதை மட்டும் பகடையிடம் விடாமல் ஆடுபவரே சொல்லட்டும். ஆட்டம் நடத்துபவர் சொன்னால் அது வெறும் தண்டனையாகிவிடும்.

கேள்வி: இத்தகைய ஆட்டங்களில் கொட்டைக்குப் பதிலாகத் தாளில் எண்ணை எழுதி அடித்துக்கொண்டால் போதாதா?
– வாசகி, காவேரிப்பட்டணம்.

பதில்: போதும், ஆனால் எண்ணை அடிக்கும்போது கை தயங்குவதில்லை. தாயம் ஆடுவதற்கு நம் வீடுகளில் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை வெள்ளை தெரிய உரைத்து வைப்பார்களே, அதுவே இதற்கும் ஏற்றது. கறுப்பு மேலே இருந்தால் இருப்பு. வெள்ளை மேலே இருந்தால் செலவு. யார் எவ்வளவு தேய்ந்திருக்கிறார் என்பது கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.