பையன் ஓ.என்.ஜி.சி.க்குப் போகலாமா?

அம்மா, வணக்கம்.

மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகன், மத்திய அரசின் எண்ணெய், எரிவாயு நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யில் வேலையை மனதில் வைத்து, பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வுக்குப் படிக்கிறான். ‘எண்ணெய்க் கம்பெனிக்கெல்லாம் இனி எதிர்காலம் ஏது?’ என்று உறவினர் ஒருவர் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. உள்நாட்டில் கிடைப்பதில் பெரும்பகுதியை எடுப்பது 1956-இல் தொடங்கிய இந்த நிறுவனம். 2018-இல், பெட்ரோல் சுத்திகரித்து விற்கும் எச்.பி.சி.எல். நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியதால், கிணறு முதல் பெட்ரோல் பங்க் வரை குழுமத்தின் கையில் இருக்கிறது. உங்கள் மகன் வேலை பார்க்கும் காலத்தில் இது கதவைச் சாத்திவிடும் என்று நான் நினைக்கவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. முக்கிய எண்ணெய் வயல்களுக்கு வயதாகிவிட்டது. மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1974-இல். பழைய வயலில் அழுத்தம் குறையும், எண்ணெயோடு தண்ணீரும் ஏறி வரும், கடலடிக் குழாய்கள் அரித்துப்போகும். பங்கு வாங்குபவருக்கு இது கவலை. மெக்கானிக்கல் படித்த பையனுக்கோ பம்ப், கம்ப்ரசர், குழாய் என்று கை நிறைய வேலை. புதிய வயல்களும் சுலபத்தில் கைகூடுவதில்லை. கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடல் திட்டத்தில் பல தாமதங்களுக்குப் பிறகு 2024 ஜனவரியில்தான் எண்ணெய் வந்தது.

இன்னொன்று, கச்சா எண்ணெய் விலை இவர்கள் கையில் இல்லை. விலை ஏறி லாபம் வந்தபோது, 2022 ஜூலையில் அரசு கூடுதல் வரி போட்டது. 2024 டிசம்பரில்தான் அது நீங்கியது. அதிகாரிகளின் அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாயில் தொடங்கும், அது நிலையானது. லாபத்தோடு சேர்ந்த ஊக்கத்தொகைதான் ஏறி இறங்கும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது அவன் வாழப்போகும் வாழ்க்கையைப் பற்றி. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் பணி என்றால் பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் விடுப்பு. ஹெலிகாப்டரில் போகும் முன் ஒரு பயிற்சி உண்டு. ஹெலிகாப்டர் போன்ற கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் தலைகீழாக அமிழ்த்துவார்கள். மூச்சைப் பிடித்து, பெல்ட்டைக் கழற்றி, ஜன்னல் வழியே வெளியே வர வேண்டும். 2005 ஜூலை 27-இல் ஒரு கப்பல் மோதி மும்பை ஹை மேடை ஒன்று எரிந்தே போனது. இந்தப் பயிற்சியை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள்.

காரைக்காலில் போஸ்டிங் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். அசாமின் சிவசாகர், திரிபுராவின் அகர்தலா, குஜராத்தின் மெஹ்சானா, எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள். காவிரி டெல்டாவில் தமிழக அரசின் 2020 சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கிறது. விவசாயிகளின் எதிர்ப்பும் உண்மையானது. அதைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று இப்போதே கேளுங்கள்.

கேட் படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த மதிப்பெண் எம்.டெக்குக்கும் வேறு பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உதவும். ஆள் எடுக்கும் முறை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அறிவிப்பு வந்ததும் வயது வரம்பு, பாடப்பிரிவு இரண்டையும் அவனே வரிவரியாகப் படிக்கட்டும். அடுத்த முறை வரும்போது அவனையும் கூட்டி வாருங்கள்.