உதவித்தொகை உண்டு, கைக்கு வரவில்லை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களின் கேள்விகள்

தோழிகளுக்கெல்லாம் புதுமைப் பெண் பணம் வருகிறது, எனக்கு மட்டும் இல்லை. பேங்கில் கேட்டால் "ஆதார் இணைச்சாச்சு" என்கிறார்கள். (மாணவி, காரிமங்கலம்)

அதிகம் வருகிற கேள்வியே இதுதான். புதுமைப் பெண் என்பது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம். கணக்குக்கு ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று எழுதிக் கொடுத்து 'ஆதார் சீடிங்' செய்வது வேறு. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாக எங்கே சீடிங் செய்தீர்களோ, பணம் அங்கேதான் போகும். மை ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். பள்ளியில் படித்தபோது திறந்து, பாஸ்புக்கையே மறந்துவிட்ட கணக்கின் பேர் அங்கே நிற்கலாம். அந்த வங்கியில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் பணம் அங்கேயே கிடந்தாலும் கிடக்கும். மைனர் கணக்காகத் திறந்தது என்றால், 18 வயது முடிந்ததும் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் முடங்கிவிடும். அதெல்லாம் சரி என்றால், அடுத்துக் கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் போய், யூமிஸ் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளம்) பதிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "அடுத்த மாசம் வரும்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

எட்டாவது வரை தனியார் பள்ளி, அப்புறம் அரசுப் பள்ளி. புதுமைப் பெண் கிடைக்குமா? (ஊத்தங்கரை)

ஃபீஸ் கட்டிப் படித்திருந்தால் கிடைக்காது. ஆர்டிஇ ஒதுக்கீட்டில் (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் தரும் இலவச இடம்) படித்திருந்தால் உண்டு.

சித்தேரி மலையிலிருந்து அரூர் கல்லூரிக்குத் தம்பியைச் சேர்க்கிறோம். தமிழ்ப் புதல்வன் வாங்கினால் எஸ்டி உதவித்தொகை நின்றுவிடுமா?

நிற்காது, இரண்டையும் வாங்கலாம். தமிழ்ப் புதல்வன் என்பது புதுமைப் பெண் போலவே மாணவர்களுக்கான திட்டம்; 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் மாதம் 1,000 ரூபாய். நீங்கள் கேட்கும் எஸ்டி உதவித்தொகை, அதாவது பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மலை ஊர்க்காரர்கள் சிக்குவது சாதிச் சான்றிதழில்தான். எஸ்டி சான்றிதழில் தாசில்தார் கையெழுத்து செல்லாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு நாளாகும் என்பதால் பிளஸ் டூ படிக்கும்போதே இ-சேவையில் போட்டுவிடுங்கள். கவுன்சலிங் நேரத்தில் ஓடினால் வேலைக்கு ஆகாது.

ஓசூரில் இருக்கிறோம், பெங்களூரு கல்லூரிதான் பக்கம். மகளுக்கு மாதம் ஆயிரம் வருமா?

வராது, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தால்தான். மூன்று வருடத்துக்கு 36,000 ரூபாய், பஸ் பாஸோடு சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு மட்டும் வெளிமாநிலத்தில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக் உண்டு, அதற்கு இங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

பையன் அரசுப் பள்ளி. ஒரு இன்ஜினியரிங் காலேஜில் "சீட் தர்றோம், முதல் பட்டதாரி சலுகையும் வாங்கித் தர்றோம்" என்கிறார்கள். அட்வான்ஸ் கட்டலாமா? (பர்கூர்)

கட்டாதீர்கள் ஐயா. முதல் பட்டதாரி சலுகை (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகை) கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. உங்கள் பையனுக்கு அதைவிடப் பெரிய வழி இருக்கிறது. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவான். அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, விருப்பப் பட்டியலில் அவற்றை மேலே வையுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு வீடு எவ்வளவு தூரம் இருக்கணும்? (பாலக்கோடு)

மாணவர்களுக்குக் குறைந்தது 8 கிலோமீட்டர். மாணவிகளுக்கு அந்தத் தூரக் கணக்கு கிடையாது.