கேளுங்கள், சொல்கிறேன்: பெட்டி முடைந்தவர் பெயர் என்ன?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். ஓலைப்பெட்டி, லேஸ், தும்புக் கயிறு, எம்பிராய்டரி என்று ஆளுக்கொரு கைவேலை. அடுத்த மாதம் நாகர்கோவிலில் ஒரு ஹால் எடுத்து மூன்று நாள் கண்காட்சி வைக்கப் போகிறோம். ‘பெண்களின் கலைக் கண்காட்சி’ என்று நோட்டீஸ் அடிக்க எனக்கு ஆசை. “பெட்டி முடைவதெல்லாம் கலையா? கைவினைப் பொருள் விற்பனை என்று போடு” என்கிறார்கள் வீட்டில். நீங்கள் சொல்லுங்கள் அக்கா.
– வாசகி, தக்கலை

பதில்: கலைக் கண்காட்சி என்றே அடியுங்கள்.

என் அம்மா பெட்டி முடைவார். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயத்தில் கொதிக்கவைத்து எடுக்கவே இரண்டு நாள் போய்விடும். மூலை மடக்குகிற இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அங்கே ஓலை உடைந்தால் முழுப் பெட்டியும் போச்சு.

பல வருடத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்குள்ளே சிவப்பும் பச்சையுமாக அம்மாவின் பெட்டி. மூடி ஓரத்தில் அவர் வைக்கிற மூன்று பச்சைக் கட்டம் எனக்குத் தெரியாதா? கீழே அட்டையில் ‘பனையோலைப் பெட்டி, கன்னியாகுமரி மாவட்டம்’ என்று இருந்தது. அவ்வளவுதான். பக்கத்துச் சுவரில் தொங்கிய ஓவியத்துக்கு மட்டும் வரைந்தவர் பெயர், பிறந்த வருடம், ஊர் எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வந்து சொன்னேன். “பெட்டி நல்லா இருந்துதா?” என்று மட்டும் கேட்டார் அம்மா. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் நோட்டீஸைவிட அட்டையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே செய்தவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எத்தனை நாள் ஆனது என்று தூரத்திலிருந்து படிக்கிற அளவில் எழுதிவையுங்கள்.

லேஸ் வைக்கிற மேசையில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நம் ஊர் லேஸ் 1820களில் தொடங்கியது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். உருண்டைத் தலையணையில் மாதிரித் தாளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டு, குண்டூசியால் நிறுத்தி நிறுத்திப் பின்னுகிற வேலை. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து உத்தரவு வந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே லேஸ் பின்னிய காசில் தன் விடுதலையை வாங்கிக்கொண்ட பிள்ளைகள் இருந்தார்கள். மால்ட் அம்மையார் பெயர் நமக்குத் தெரிகிறது, தெரியவும் வேண்டும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பெயராவது நம் வாயில் வருகிறதா?

கேள்வி: கல்லூரியில் ஓவியம் படிக்கிறேன். அம்மாவும் சித்தியும் ராட்டில் கயிறு திரிப்பவர்கள். கயிற்றிலேயே சிற்பம் செய்த பெண் யாராவது உண்டா?
– மாணவி, குளச்சல்

பதில்: உண்டு மக்களே. மிருணாளினி முகர்ஜி. 1949-ல் மும்பையில் பிறந்து பரோடாவில் படித்தவர். சாயம் ஏற்றிய சணல் கயிற்றைக் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கு உருவங்களை எழுப்பினார். தெய்வமா, பூவா, மரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2015-ல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய பெரிய கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். 2019-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவர் படைப்புகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது.

அதே நியூயார்க்கில், மிருணாளினி பிறந்த 1949-லேயே, நவீனக் கலை அருங்காட்சியகம் ஆனி ஆல்பர்ஸ் என்ற நெசவுக் கலைஞருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ஜெர்மனியின் பாஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் பெண்களைப் பெரும்பாலும் தறிப் பக்கம்தான் தள்ளினார்கள். ஆனியும் அப்படித்தான் நெசவுக்கு வந்தார்.

இவர்கள் படங்களைத் தேடிப் பார். அப்புறம் ஒரு நாள் காலையில் சித்தியோடு போய் நில். தேங்காய் மட்டையான கதம்பையிலிருந்து எடுத்த தும்பை மடியில் கட்டிக்கொண்டு, ராட்டிலிருந்து பின்னாலேயே நடந்து திரிப்பார்கள் இல்லையா? எங்கேயும் பருமன் மாறாமல் தும்பை விடுகிறதே, அந்த விரலை வரைந்து பழகு. படத்துக்குக் கீழே சித்தி பெயரையும் எழுது.

கேள்வி: ஒரு லேஸ் மேசை விரிப்புக்கு எனக்கு ஆறு மாதம் ஆனது. பார்க்க வந்தவர், மெஷின் லேஸ் மீட்டர் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்றார். நான் என்ன விலை சொல்ல?
– வாசகி, இரணியல்

பதில்: தினம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் வெளிவேலைக்குப் போகிற பெண்ணின் நாள் கூலியை ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பிரித்து, உங்கள் மொத்த மணி நேரத்தோடு பெருக்குங்கள், நூல் செலவைச் சேருங்கள். வருகிற தொகை உங்களுக்கே பயமாக இருக்கும். சரி, இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் விற்காமல் பீரோவில் வையுங்கள். எங்கள் ஆச்சி நெய்யூர்ப் பக்கம் லேஸ் பின்னியவர். பின்னியது அத்தனையையும் விற்றுத்தான் அம்மாவைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் இன்று ஒரு சாண் லேஸ்கூட இல்லை.