டீமன் முடிந்தபின் கெர்னலில் என்ன மிச்சம்? கேள்வி-பதில்

கே: லினக்ஸில் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) முடியும்போது திறந்த ஃபைல், மெமரி, எஃப்லாக் பூட்டு (ஃபைல் மேல் போடும் பூட்டு) எல்லாவற்றையும் நானே விடுவிக்க வேண்டுமா? (காரைக்குடி)

வேண்டாம். புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், எப்படிச் செத்தாலும் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) இவற்றை எடுத்துக்கொள்ளும்.

கே: ரீஸ்டார்ட் செய்தால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்கிறது. (தேவகோட்டை)

நெட்வொர்க் வழியே போகும் டிசிபியா, ஒரே மெஷினுக்குள் ஃபைல் பெயரில் இயங்கும் யூனிக்ஸ் சாக்கெட்டா? அதை எழுதாமல் கேட்டால் எப்படி? டிசிபி என்றால் டைம்-வெய்ட், அதாவது மூடிய இணைப்பைக் கெர்னல் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பது; லினக்ஸில் ஒரு நிமிஷம் இருக்கும். பைண்டுக்கு (அட்ரஸைப் பிடிக்கும் கால்) முன்னால் ரீயூஸ்அட்ரஸ் ஆப்ஷனைப் போடுங்கள். யூனிக்ஸ் சாக்கெட் என்றால் பழைய ஃபைல் அப்படியே கிடக்கிறது. இன்னொரு பிரதி ஓடவில்லை என்று பூட்டுப் போட்டு உறுதி செய்துவிட்டு, அந்த ஃபைலை அன்லிங்க் செய்து (அழித்து) பைண்ட் பண்ணுங்கள்.

கே: ரைஸ் மில்லில் இரண்டு இன்டர்நெட் லைன். லைன் மாற்ற பைதானில் டீமன் எழுதினேன். கில் மைனஸ் 9 கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய ரூட் (டிராஃபிக் எந்த லைனில் போக வேண்டும் என்ற பதிவு) போகவே இல்லை. (புதுவயல்)

வாரம் ஒருவராவது மைனஸ் 9 என்று எழுதுகிறீர்கள். 9 என்பது சிக்கில், உடனே கொல்லும் சிக்னல்; அதை எந்த புரோகிராமாலும் பிடிக்க முடியாது. முடியும்போது ஓட நீங்கள் எழுதிவைத்த ஃபங்ஷன் ஓடவே ஓடாது. முதலில் 15 (முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்னல்) கொடுங்கள், பொறுங்கள். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியே வழக்கமாக 90 விநாடி பொறுத்துவிட்டுத்தான் 9 அனுப்புகிறது.

ஆனால் 15 கொடுத்தாலும் பாதிதான் தீரும், ஏனென்றால் டீமன் கிராஷும் ஆகும். ரூட்டும் ஃபயர்வால் விதியும் புரோசஸுக்குச் சொந்தமல்ல, கெர்னல் டேபிளுக்குச் சொந்தம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்: பேர்ட், எஃப்ஆர்ஆர் போன்ற ரூட்டிங் டீமன்கள் ரீஸ்டார்ட் ஆகும்போது டிராஃபிக் அறுந்துவிடக் கூடாது. ஆகவே துடைப்பதை முடியும்போது மட்டும் வைக்காதீர்கள், தொடங்கும்போது வையுங்கள். ஒவ்வொரு ரூட்டிலும் உங்கள் புரோட்டோ எண்ணை (ரூட்டைப் போட்டது யார் என்று காட்டும் எண்) போடுங்கள்; பேர்ட் 12 வைத்திருக்கிறது, யாரும் எடுக்காத எண்ணாகப் பாருங்கள். எழுந்தவுடன் டேபிளைப் படித்து, அந்த எண் உள்ளவற்றில் வேண்டாததை மட்டும் எடுங்கள். நம் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் இனிஷியல் வெட்டுவது இதற்குத்தானே? கல்யாண வீட்டில் நூறு அண்டா கலந்து கிடந்தாலும் அவரவருடையது அவரவர் வீட்டுக்குப் போகும்.

ரூட் டேபிளை முழுக்க ஃப்ளஷ் செய்யவே (காலி செய்யவே) செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் தூரத்திலிருந்து அப்படிச் செய்து, தூரத்திலிருந்து நுழைய வைத்திருந்த எஸ்எஸ்எச் இணைப்பும் அறுந்து, ராத்திரியில் ஆள் கல்லல் வரை வண்டியில் போக வேண்டியதாயிற்று.

ஃபயர்வாலுக்கு என்எஃப்டேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் வசதி) தனி டேபிள் வையுங்கள். கெர்னல் 5.12 முதல் 'ஓனர்' ஃப்ளாக் உண்டு. அதைப் போட்டால், புரோசஸ் போனால் டேபிளும் போய்விடும்.

கே: டன் டிவைஸ் (விபிஎன் போன்றவை உண்டாக்கும் மென்பொருள் நெட்வொர்க் கார்டு) டீமன் முடிந்ததும் ஒரு சர்வரில் தானாகப் போகிறது, இன்னொன்றில் நிற்கிறது. (கானாடுகாத்தான்)

நிற்பதில் 'பெர்சிஸ்ட்' (புரோசஸ் போனாலும் தங்கு) போட்டிருக்கிறது.

கே: ஜோம்பி புரோசஸ் மைனஸ் 9க்கும் போகவில்லை. (திருப்பத்தூர்)

மறுபடியும் 9! அது ஏற்கெனவே முடிந்த புரோசஸ். அதைத் தொடங்கிய பேரன்ட் புரோசஸ், முடிவைப் பெற்றுக்கொள்ளும் 'வெய்ட்' கூப்பிடவில்லை. அந்தப் பேரன்ட் புரோகிராமைத் திருத்துங்கள்.

கே: ஷேர்ட் மெமரி (பல புரோசஸ் பகிரும் மெமரி) அப்படியே தங்குகிறது. (கோட்டையூர்)

சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யூனிக்ஸ் வகை தங்கத்தான் செய்யும். ஐபிசிஎஸ் கமாண்ட் கொடுத்து, என்-அட்டாச் (எத்தனை புரோசஸ் பிடித்திருக்கிறது என்ற எண்ணிக்கை) பூஜ்யமா, உங்களுடையதுதானா என்று பார்த்துவிட்டு ஐபிசிஆர்எம் கொடுத்து அழியுங்கள். அட்டாச் ஆக வேண்டியவை எல்லாம் ஆனதுமே அழிக்கச் சொல்லிவிடலாம். கடைசி புரோசஸ் விட்ட பிறகுதான் லினக்ஸ் அழிக்கும்.