துவர்க்கும் சபெராவிக்கு எது துணை?

கேள்வி: ஜார்ஜியா போய்வந்த நண்பர் ‘சபெராவி’ என்ற சிவப்பு ஒயின் கொடுத்தார். மை மாதிரிக் கறுப்பு. ஃபிரிட்ஜில் வைத்து, காரமான மீன் வறுவலோடு குடித்தோம். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் வாயெல்லாம் துவர்ப்பு. ஒயின் கெட்டுவிட்டதா?
– வாசகர், கோவை

பதில்: கெட்டிருந்தால் வினிகர் நெடியோ, நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ அடித்திருக்கும். நீங்கள் சொல்லும் துவர்ப்பு சபெராவியின் இயல்பு. குளிர்ச்சி துவர்ப்பைக் கூட்டும், மிளகாய் எரிச்சலைக் கூட்டும், மீனோடு சேர்ந்தால் இரும்பு ருசி தட்டும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளில் தோலுக்கு மட்டும்தான் நிறம். பிழிந்தால் சாறு வெளிறித்தான் வரும். சபெராவி என்னும் திராட்சைக்குச் சதையும் சிவப்பு. பெயருக்கே சாயம் என்றுதான் பொருள். கிழக்கு ஜார்ஜியாவின் ககேதியில் இதைத் தோல், விதையோடு க்வெவ்ரி என்னும் மண் தாழியில் நொதிக்கவிடுவதும் உண்டு. தாழியின் உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்திருப்பார்கள். இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த பாட்டிலை 16–18 டிகிரியில் பரிமாறுங்கள். நம் ஊர் வெயிலுக்கு, அறையில் இருக்கும் பாட்டிலை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். பிறகு வாயகன்ற ஜாடியில் ஊற்றி, ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

துணைக்கு உப்பும் கொழுப்பும் வேண்டும். துவர்ப்பை அடக்குபவை அவைதான். அந்த ஊரில் திராட்சைக் குச்சித் தணலில் சுட்ட பன்றி இறைச்சி, சீஸ் அடைத்த கச்சாபுரி ரொட்டி. எங்கள் முதல் தேர்வு பத்ரிஜானி என்னும் கத்திரிக்காய்ச் சுருள். இரண்டு நீளக் கத்திரிக்காயை அரை சென்டிமீட்டர் தடிமனில் நீளவாக்கில் சீவி, உப்புத் தடவி அரைமணி வைத்து, ஒட்டப் பிழியுங்கள். பிழியாமல் விட்டால் எண்ணெய் குடித்துத் தொளதொளத்துவிடும். பொரித்து ஆறவைத்து, 150 கிராம் வால்நட், இரண்டு பல் பூண்டு, கொத்தமல்லித்தழை, ஒரு டீஸ்பூன் வினிகர், உப்பு சேர்த்து அரைத்த விழுதைத் தடவிச் சுருட்டுங்கள். வால்நட்டை ஒன்று கடித்துப் பார்த்து வாங்குங்கள். சிக்கு வாடை இருந்தால் விழுது முழுக்கக் கசக்கும்.

கேள்வி: அதே திராட்சையில் இனிப்பு ஒயினும் உண்டாமே?

பதில்: உண்டு. லேபிளில் ‘கிண்ட்ஸ்மராவுலி’ என்றிருந்தால் அரை இனிப்பு. சர்க்கரை முழுவதும் நொதிக்குமுன் நிறுத்திவிடுவார்கள். இதைச் சில்லென்று குடிக்கலாம், லேசான காரத்தையும் தாங்கும். ‘முகுசானி’ என்றால் இனிப்பில்லாதது, ஓக் பீப்பாயில் முதிர்ந்தது; அது ஆட்டுக்கறிக்கு.