அடைப்புக்குறிக்குள் மூன்று வரி

அன்புள்ள மேடம்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கு 38 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மனைவிக்கு 34, பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பத்து வருடம். பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஏடிஎம் கார்டுகூட அவளிடம்தான் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவளுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை.

என் மனைவிக்கு உச்சக்கட்டம் வருவதில்லை. முதல் எட்டு வருடம் இது எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வீடியோ பார்த்தேன். பெண்களுக்குப் பன்னிரண்டு வகை உச்சக்கட்டம் உண்டு என்று அதில் ஒருவர் வரிசையாகச் சொன்னார். அன்று ராத்திரி உனக்கு இதில் எது வரும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நாம சேரும்போது எனக்கு அப்படி ஒண்ணும் வந்ததில்லைங்க" என்றாள். எட்டு வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள் மேடம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்றிலிருந்து நான் செய்யாதது இல்லை. யோனிக்குள் இருப்பதாகச் சொல்கிற ஜி ஸ்பாட் பற்றிப் படித்தேன். அந்தப் பன்னிரண்டு வகையையும் ஒவ்வொன்றாக முயற்சி செய்து பார்த்தேன். நேரத்தை நீட்டிக்கப் பயிற்சி செய்தேன். ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன செய்தோம், ஆச்சா இல்லையா என்று எழுதி வருகிறேன். இதுவரை 41 தேதி. எல்லாவற்றிலும் "இல்லை". கம்பெனியில் ஒரு பம்ப் கசிந்தால் எங்கே என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன், அந்தப் பழக்கம். அவள் ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. நல்லதுக்குச் செய்தால் கோபம் வருகிறது. (போன தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி எனக்கு முழிப்பு வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தனக்குத் தானே செய்துகொண்டிருந்தாள். நான் தூங்குகிற மாதிரியே இருந்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. அது இருக்கட்டும்.) நெட்டில் விசாரித்து மாத்திரை வாங்கினேன். அதை அவள் தொடக்கூட இல்லை.

ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். ஆனால் முடிந்ததும் "ஆச்சா?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே "ஆச்சு, தூங்குங்க" என்கிறாள். பொய் என்று எனக்குத் தெரியாதா? எட்டு வருடம் மறைத்தவள் இதையும் மறைக்கிறாள்.

அவளுக்கு உடம்பில் ஏதாவது குறையா? உணர்ச்சியே இல்லாத பெண்கள் உண்டு என்கிறார்களே, அப்படியா? இன்னும் வேறு வகை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், முயற்சி செய்கிறேன். எந்தக் குறையும் வைக்காமல் இருந்தும் இப்படி நடக்கிறது.

பெயர் வேண்டாம்,
கோவை வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. எட்டு வருடம், பன்னிரண்டு வகை, 41 தேதி. நடுவில் அடைப்புக்குறிக்குள் மூன்று நான்கு வரி எழுதிவிட்டு "அது இருக்கட்டும்" என்று மாத்திரைக் கதைக்குத் தாவிவிட்டீர்கள். தீபாவளி கழிந்தும் மறக்காமல் இருக்கிற விஷயத்தைப் பற்றி யாரும் "அது இருக்கட்டும்" என்று சொல்வதில்லை. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய காம்பவுண்ட் சுவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்கள் கேள்விக்கான பதிலும் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. மனைவிக்கு உடம்பில் குறையா என்று கேட்கிறீர்கள். குறை இல்லை என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அவர் உடம்புக்கு இன்பம் தெரியும், அதற்குப் போகும் வழியும் தெரியும். இது தெரிந்த பிறகும் "உணர்ச்சியே இல்லாத பெண்ணா" என்று என்னிடம் கேட்கிறீர்கள். இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆம் என்று நான் சொல்லிவிட்டால் உங்களுக்கு வலி குறையும் என்பதற்காகக் கேட்கிறீர்கள். குறை அவர் உடம்பில் என்றால், அந்த ராத்திரி நீங்கள் பக்கத்திலேயே படுத்திருந்தும் தேவைப்படாமல் போனதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அந்த வலி உண்மையானது. இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு அப்படிப் படுத்துக்கிடப்பது யாருக்கும் சுலபமில்லை. என்றாலும் அன்று நடந்ததற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் தப்பு என்பது என் எண்ணம்.

முதலில் அந்தப் பன்னிரண்டு வகையைப் பார்த்துவிடுவோம். வகை பிரிக்கிற இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1905இல் மனப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு ஒன்று எழுதினார். பெண்ணின் இன்பம் சிறு வயதில் கிளிட்டோரிஸில், அதாவது பிறப்புறுப்பின் மேல்பக்கம் வெளியே தெரிகிற அந்தச் சிறிய மொட்டில் இருக்கும், பக்குவம் வரும்போது அது யோனிக்கு நகர்ந்துவிட வேண்டும் என்றார். எந்தப் பெண்ணின் உடம்பையும் சோதித்துப் பார்த்து எழுதியதில்லை. ஆனால் பல தலைமுறைப் பெண்களை "பக்குவப்படாதவள்", "உணர்ச்சியற்றவள்" என்று முத்திரை குத்த அது போதுமானதாக இருந்தது. நீங்கள் எழுதிய "உணர்ச்சியே இல்லாத பெண்கள்" என்ற சொல்லுக்கும் அந்த வம்சாவளிதான். 1966இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் நேரடியாகக் கவனித்துப் பதிவு செய்தார்கள். தூண்டுதல் எங்கிருந்து வந்தாலும் உச்சத்தில் உடம்பில் நடப்பது ஒன்றுதான் என்றார்கள். இடுப்புத்தளத் தசைகள் ஒரு வினாடிக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில் சுருங்கிச் சுருங்கி விரியும், அவ்வளவுதான்.

அப்புறம் 1998இல் ஹெலன் ஓ'கானல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், கிளிட்டோரிஸ் என்று நாம் நினைப்பது அதன் நுனி மட்டும்தான் என்று உடற்கூறாய்வில் காட்டினார். மீதி உறுப்பு உள்ளே, யோனியின் இரண்டு பக்கமும் கால்விரித்து இறங்கியிருக்கிறது. நீங்கள் தேடித் தேடி அலைந்த ஜி ஸ்பாட்டுக்கும் அது அக்கம்பக்கம்தான். ஜெர்மன் மருத்துவர் கிராஃபென்பெர்க் 1950இல் எழுதியதை வைத்து, அவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்தான G-யை 1981இல் அதற்குச் சூட்டினார்கள். தனியாக ஒரு பொத்தான் மாதிரி அங்கே எதுவும் இருப்பதாக இன்றுவரை உறுதியாகவில்லை.

அதனால் வகைகள் பொய் என்று சொல்லவரவில்லை. மார்பில் தொட்டே உச்சம் அடைகிறவர்கள், தூக்கத்தில் அடைகிறவர்கள் எல்லாம் உண்டு. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத பெண்களில் சிலருக்கும் உச்சம் வருவதை பாரி கோமிசருக், பெவர்லி விப்பிள் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. ஒருநாள் அலை, ஒருநாள் தும்மல். ஆனால் இவை பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொன்னவை. அதை எடுத்து நீங்கள் மனைவிக்குச் சிலபஸ் ஆக்கிவிட்டீர்கள்.

உங்கள் நோட்டில் வராமல் போன ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2018இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் ஆயிரத்துச் சொச்சம் பெண்களிடம் கேட்டபோது, உடலுறவு மட்டுமே உச்சத்துக்குப் போதும் என்றவர்கள் சுமார் 18 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் கிளிட்டோரிஸைத் தொடாமல் முடியவே முடியாது என்றார்கள். "நாம சேரும்போது வந்ததில்லைங்க" என்று உங்கள் மனைவி சொன்னது பெரும்பாலான பெண்கள் சொல்லக்கூடிய ஒரு சாதாரண வாக்கியம். நீங்கள் அதைப் புகாராகக் கேட்டீர்கள்.

எட்டு வருடம் மறைத்தார் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடம் நீங்கள் கேட்கவில்லை என்பதை எங்கேயும் எழுதவில்லை. கேட்ட முதல் நாளே அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார், தம்பி. நம் ஊரில் ஒரு பெண் இதைக் கணவனிடம் வாய்விட்டுச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் தெரியுமா? அந்தத் தைரியத்துக்குக் கிடைத்தது ஒரு நோட்டும் 41 தேர்வும். எல்லாவற்றிலும் "இல்லை" என்று சிவப்பு மை. பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற டீச்சருக்கு நீங்கள் மார்க் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள்தான் பேசாமல் இருந்தார் என்பது எனக்கு ஆச்சரியம்.

மாஸ்டர்ஸும் ஜான்சனும் கவனித்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். படுக்கையில் இருந்துகொண்டே, "எனக்கு வருமா, இப்போது வருமா" என்று தன்னைத் தானே வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற மனநிலையில் இன்பம் வடிந்துவிடும் என்றார்கள். உங்கள் வீட்டில் வேடிக்கை பார்க்கிறவர்கள் இரண்டு பேர். உடம்பில் ஆக்சிலரேட்டர் மட்டும் இல்லை, பிரேக்கும் உண்டு. நீங்கள் இரண்டு வருடமாக ஆக்சிலரேட்டரையே மிதிக்கிறீர்கள், ஊட்டி, மாத்திரை, பன்னிரண்டு வகை என்று. அவர் பிரேக்கில் இருந்து காலை எடுக்க முடியவில்லை. பிரேக்கின் பெயர் "ஆச்சா?"

இப்போது அந்த ராத்திரிக்கு வாருங்கள். அவர் உங்களை வேண்டாம் என்று ஒதுக்கியதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரும் பார்க்காத, யாரும் கேட்காத, யாரும் எழுதிவைக்காத ஒரு பத்து நிமிடம் அவருக்கு வேண்டியிருந்தது. சுயஇன்பம் துரோகம் இல்லை. கல்யாணமான ஆண்களுக்கு அது உண்டு, பெண்களுக்கும் உண்டு. உங்களிடம் எதையும் அவர் திருடவில்லை. "ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள்" என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் வேண்டும் என்பதற்கும் மதிப்பு கிடையாது. அவர் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால் நான் அதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். முழுக் கடிதத்திலும் உங்கள் இன்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரைத் தொடுவது உங்களுக்குப் பிடிக்கிறதா? கடைசியாக எப்போது சிரித்துக்கொண்டே படுத்தீர்கள்? 41 தேதியில் எத்தனை நாள் உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது, எத்தனை நாள் நோட்டுக்காக? இரண்டு வருடமாக நீங்களும் சந்தோஷமாக இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஷிப்ட் முடிந்து வந்து இன்னொரு ஷிப்ட்.

செய்யவேண்டியது என்று பெரிதாக எதுவும் இல்லை. பார்த்ததை அவரிடம் சொல்லவேண்டாம், இப்போதைக்கு. சொன்னால் சாட்சி சொல்வதுபோல ஆகிவிடும். ஒரு மாதம் உடலுறவே வேண்டாம் என்று அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தொடுவது, தலை கோதுவது, பக்கத்தில் படுத்துக் கதை பேசுவது இருக்கட்டும், அதுவும் அவருக்கு இஷ்டம் இருந்தால். பாலியல் ஆலோசகர்கள் ஐம்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்கிற எளிய பயிற்சிதான் இது. "ஆச்சா?" என்ற சொல்லை வீட்டில் இருந்தே எடுத்துவிடுங்கள். அதன்பிறகு அவராக உங்கள் கையைப் பிடித்து ஏதாவது காட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். உறவின்போது அவருக்கு வலி இருந்தாலோ, மனச்சோர்வுக்கான மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ மட்டும் மகப்பேறு மருத்துவரையோ மனநல மருத்துவரையோ அவர் பார்க்கட்டும். அதுவும் அவர் முடிவு.

நெட்டில் வாங்கிய மாத்திரையைக் குப்பையில் போடுங்கள். நோட்டை நீங்கள் கிழிக்கவேண்டாம். "உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி எழுதிவிட்டேன்" என்று சொல்லி அவரிடமே கொடுத்துவிடுங்கள். கோபப்பட்டால் பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.